லிசியாதே பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்த கதை

லிசியாதேவின் இடது கால் இழுத்துக்கொண்டது முப்பத்தோராவது வயதில். கடல் அட்டைக்கு நல்ல விலை போன வருஷம் அது. நடுக்கடலில் சிதறிக் கிடக்கும் ஹாபாய் தீவுகளில் மூச்சுப் பிடிக்கத் தெரிந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் கடலுக்குள்தான் கிடந்தார்கள். படகிலிருந்து இறங்கும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அவனும் ஆழத்துக்குப் போனான். ஒரு நாள் குழாயில் காற்று நின்றுபோக, உயிர் பயத்தில் விறுவிறுவென்று மேலே வந்துவிட்டான். ஆழத்திலிருந்து அப்படிச் சட்டென்று வந்தால் உடம்பு முடங்கிப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். உயிர் பிழைத்தான், ஆனால் கால் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மரக்கட்டையைக் கூடவே இழுத்துக்கொண்டு நடக்கிறவன் போலத்தான் நடந்தான்.

ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இந்தக் காலோடு அவன் பெயர் கொடுத்தான். மாவட்டத் தலைமை ஊரான பாங்காயில் தேர்வு. மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பாதிச் சுற்றிலேயே மூட்டையோடு குப்புற விழுந்தான். அவனுக்குக் கிழங்குப் பொட்டலம் எடுத்துக்கொண்டு துணைக்கு வந்திருந்தாள் அவன் மனைவி சுலியெத்தி. விழுந்தவனைத் தூக்கி நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பெண்கள் வரிசையில் போய் நின்றாள். அவனை விழத்தள்ளிய அதே மூட்டையைச் சுமந்து முதல் ஆளாக ஓடி முடித்தாள்.

திரும்பி வரும் படகில் அவன் கடலைப் பார்த்தபடி காலைப் பிசைந்துகொண்டிருந்தான். தீவு கண்ணுக்குத் தெரிந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. பிள்ளைங்கள நெனச்சேன். தொமாசிக்கு இன்னும் நாலு வயசுகூட முடியல."

"உனக்குப் பதிலாத்தான் போறேன். மே மாசம் போனா நவம்பர்ல வந்துடுவேன். வீட்டுக்குக் கூரை மாத்தணும், ஃபீபே பள்ளிக்கூடம் இருக்கு. உன்னால சமைக்க முடியாதா என்ன?"

"சமைப்பேன். திங்கிறவங்க பாடுதான் திண்டாட்டம்."

அவள் சிரித்துவிட்டாள். அத்துடன் பேச்சு முடிந்தது.

சுலியெத்தி போனதும் ஆண்கள் கூடி காவா வேர்ச்சாறு குடிக்கிற வட்டத்தில் லிசியாதே வசமாக மாட்டிக்கொண்டான். பெரியப்பா மகன் ஃபெலேதிக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடா லிசியாதே, பொண்டாட்டி வெளிநாட்டுல சம்பாதிக்கிறா, நீ வீட்டுல பொம்பள மாதிரி பாய் முடையுறியா? எங்க வீட்டுப் பாயும் கிழிஞ்சு கெடக்கு, அனுப்பி வைக்கவா?" என்பான். மற்றவர்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். "கூலி குடுத்தா முடைஞ்சு தாரேன். உனக்கு எதுக்குப் பாய்? உன் பொண்டாட்டி உன்ன வாசல்லதானே படுக்கப் போடுறா" என்று லிசியாதேவும் திருப்பிக் கொடுப்பான். ஆனாலும் வீட்டுக்கு நடக்கும்போது கால் இன்னும் கொஞ்சம் கனக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதான் சுலியெத்தி கூப்பிடுவாள். அங்கே கோவில் ஆராதனை நண்பகலில் முடியும். முடிந்த கையோடு மரத்தடியில் நின்று கூப்பிடுவாள். அப்போது இங்கே மணி மூன்று. அந்தச் சின்னத் தீவில் போன் எடுப்பது ஒரே இடத்தில்தான், ஊர்க்கோடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில். மதியம் குழி வெட்டி மண்ணால் மூடிய அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டு, ஊரே உறங்கி எழும் நேரம் அது. லிசியாதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவான்.

ஃபீபேக்கு ஆறு வயது. திங்கட்கிழமை காலையிலேயே நச்சரிப்பு தொடங்கிவிடும்.

"அப்பா, அம்மா இப்பக் கூப்பிடுமா?"

"ஞாயித்துக்கிழமைம்மா."

ஞாயிற்றுக்கிழமையானால் விடிந்ததிலிருந்தே, "இப்பவா அப்பா? இப்பவா?"

"மூணு மணிக்குடா கண்ணு."

"மூணு மணி எங்க இருக்கு?"

சுவரில் ஒரு கடிகாரம் தொங்கத்தான் செய்தது. ஆனால் அதைப் பார்க்கிறவள் சுலியெத்திதான். அவனுக்கு வெயிலும் கடல் ஏற்றவற்றமும் போதும். மகள் கேட்ட பிறகுதான், மூணு மணி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தால் இந்தப் பிள்ளை இப்படிப் பரிதவிக்காதே என்று தோன்றியது.

பிஸ்கட் டின்னின் பெரிய தகர மூடியை எடுத்தான். அடுப்புக் கரியால் எண்களை எழுதினான். நடுவில் ஆணியால் துளை போட்டு, தென்னை ஈர்க்கில் குட்டையாக ஒன்றும் நெட்டையாக ஒன்றும் ஒடித்துச் செருகினான்.

"இந்தக் குட்டை முள்ளு இருக்கே, இது பெரிய மனுசி. அத்தை மாதிரி. மெதுவாத்தான் நடக்கும். இந்த நம்பருங்கதான் வீடு. ஒரு வீட்டுலேருந்து அடுத்த வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆக்கிடும்."

ஃபீபே கிளுகிளுவென்று சிரித்தாள். தலைநகர் இருக்கும் பெரிய தீவில் வாழும் இலைசானே அத்தை நடப்பது அப்படித்தான். அப்பாவின் அக்கா என்றால் அந்த வீட்டில் அவளுக்கு மேலே ஆள் கிடையாது. அவள் நடக்கும்போது மற்றவர்கள்தான் ஒதுங்க வேண்டும்.

"அப்ப நெட்டை முள்ளு?"

"அது தொமாசி. ஒரு எடத்துல நிக்காது. அத்தை ஒரு வீடு தாண்டுறதுக்குள்ள இது ஊர முழுசா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடும்."

தன் பெயர் காதில் விழுந்ததும் தொமாசி அந்த ஈர்க்கைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். இன்னொன்று ஒடிக்க வேண்டியதாயிற்று.

தினமும் சாப்பாட்டுக்கு முன் பாடம். 'அத்தை மூணுல, தொமாசி பன்னெண்டுல. அப்ப அம்மா.' இதை ஃபீபே ஜெபம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அரை மணி பார்க்க வந்துவிட்டது. கால் மணியில்தான் திணறினாள். "அத்தை மூணும் இல்லாம நாலும் இல்லாம நடுவழியில நின்னா நான் என்ன பண்றது?" என்று அழுதாள். "கடந்து வந்த வீட்டுப் பேரைச் சொல்லு. இன்னும் போய்ச் சேராத வீட்டை ஏன் சொல்றே?" என்றான் லிசியாதே. அப்படிச் சொல்லத் தனக்கு எப்படித் தோன்றியது என்று அவனுக்கே ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவன்தானே அவன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு. கோவில் விட்டு வந்து அடுப்பின் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளிருந்து ஃபீபே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல ஓடி வந்தாள். "அப்பா! மூணாயிடுச்சு! அம்மா கூப்பிடுது!" அவன் எழுந்திருப்பதற்குள் தம்பியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் பறந்துவிட்டாள். போன் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். பன்னிரண்டே கால். நெட்டை முள் மூன்றில் நின்றது. இரண்டு முள்ளையும் மாற்றிப் பார்த்திருக்கிறாள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே காலை இழுத்து இழுத்து மேடேறி இருவரையும் சாப்பிடக் கூட்டி வந்தான். அன்றைக்கு மூன்று மணிக்கு அதைக் கேட்ட சுலியெத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "என் தங்கம், அம்மாவத் தேடி ஓடினியா? முள்ளை மாத்திப் பாத்தா என்னடி, நான் வந்து உனக்குப் புது வாட்ச்சே வாங்கித் தரேன்" என்றாள்.

அதன் பிறகு ஃபீபே மாற்றிப் பார்க்கவேயில்லை. ஆகஸ்டு முடிவதற்குள் வீட்டில் மணி கேட்க வேண்டுமானால் அவளைத்தான் கேட்க வேண்டும் என்றாகிவிட்டது. ஞாயிறுகளில் அப்பாவை உறக்கத்திலிருந்து எழுப்புகிறவளும் அவளே. "அப்பா, அத்தை மூணு வீட்டுக்கிட்ட வந்துட்டாங்க, எந்திரிங்க."

அக்டோபரின் முதல் ஞாயிறு அன்றும் அப்படித்தான் எழுப்பினாள். அன்று சேம்பிலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்து மடித்து வெந்த உணவு. லிசியாதேவும் தொமாசியும் வயிறு முட்டத் தின்று உறங்கியிருந்தார்கள். மூவரும் மேடேறினார்கள். தொட்டியின் அருகே போனதும் சட்டைப் பையில் போன் இரண்டு முறை முனகியது. எடுத்துப் பார்த்தான். சுலியெத்தியின் எண். கூப்பிட்டிருக்கிறாள், யாரும் எடுக்கவில்லை என்று இருந்தது.

உடனே திருப்பிக் கூப்பிட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டான். அப்போதும் அப்படியே.

"அம்மா பேசலயா?" என்றான் தொமாசி.

வெயில் மண்டையைப் பிளந்தது. உறக்கக் கலக்கம் வேறு. லிசியாதே மகளைப் பார்த்து, "சரியாத்தான் பாத்தியாடி?" என்று கேட்டுவிட்டான். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அந்த ஒரு கேள்விதான். ஃபீபே தொட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தொட்டி நிழலில் வெகுநேரம் காத்திருந்தார்கள். இரண்டாவது ஆராதனைக்குக் கோவிலில் குடைந்த மரத்தால் ஆன மணியைத் தட்டத் தொடங்கியதும் இறங்கி வந்தார்கள். அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்றான் அவன்.

மறுநாள் காலை, பழத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன் ஒரு வளைவில் கால்வாய்க்குள் கவிழ்ந்தது. மற்றவர்கள் கை கால் முறிவோடு தப்பினார்கள். சுலியெத்தி தப்பவில்லை.

செய்தியோடு ஊர் அதிகாரியும் போதகரும் சேர்ந்து வந்தார்கள். அந்த இருவரும் ஒன்றாக ஒரு வீட்டை நோக்கி நடந்து வந்தால் அதற்கு என்ன பொருள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். லிசியாதே முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். தொமாசியின் சின்னச் சட்டை கையில் இருந்தது. அவர்கள் சொல்லி முடித்த பிறகும் அந்தச் சட்டையை உதறிக் கயிற்றில் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டான். அதன் பிறகுதான் நிலத்தில் உட்கார்ந்தான்.

உடல் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. விமானத்தில் பெரிய தீவுக்கும், அங்கிருந்து கப்பலில் பாங்காய்க்கும், கடைசியில் ஃபெலேதியின் படகில் ஊருக்கும் வந்தாள். அந்த வாயாடி, படகின் முனையில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தையில்லாமல் அவளைக் கொண்டுவந்து சேர்த்தான். கறுப்பு உடுத்து, துக்க வழக்கப்படி இடுப்பில் கிழிந்த பழம்பாய்களைச் சுற்றிக்கொண்டு ஊர் கூடியது. இரவும் பகலும் பாட்டுப் பாடினார்கள். இலைசானே அத்தை வந்து எல்லாவற்றையும் பொறுப்பேற்றாள்.

அடக்கம் முடிந்து ஊர் கலைந்ததும், பிள்ளைகள் தூரத்தில் விளையாடும் நேரமாகப் பார்த்து அத்தை தம்பியை அழைத்தாள். அவள் நாற்காலியில், அவன் தள்ளி வாசலோரம் தரையில். அக்காள் தம்பி நெருங்கி உட்காரும் வழக்கம் அங்கே இல்லை.

"ஃபீபேய கவனிச்சியா நீ?"

"அழவே மாட்டேங்கிறாக்கா."

"அது மட்டுமில்ல. காலையில மணி என்னடான்னு கேட்டேன். தெரியாதுன்னா. கடிகாரம் இருக்கிற பக்கமே திரும்ப மாட்டேங்குது. நேத்து தொமாசிகிட்ட என்ன சொல்லிட்டிருந்தது தெரியுமா? 'நான் முள்ளை மாத்திப் பாத்துட்டேன். அம்மா பேச வந்துச்சு, நாம இல்ல. அதான் அம்மா செத்துப்போச்சு'ன்னு."

லிசியாதேவுக்கு மேட்டில் தான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அவனுக்கு அது அன்றே மறந்துபோன சொல். பிள்ளை அதை வாங்கி நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறது.

அதோடு அவனுக்கே ஒன்று புரியவில்லை. அன்று ஃபீபே எழுப்பியபோது அவனும் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாகவில்லை. சரியாகத்தான் சொன்னாள். அப்படியானால் சுலியெத்தி ஏன் முந்திக் கூப்பிட்டாள்?

அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். வைமோனா, சுலியெத்தியோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள். கையில் மாவுக்கட்டோடு உடலுக்குத் துணையாக வந்தவள், பக்கத்து ஊரிலேயே அம்மா வீட்டில் இருந்தாள். லிசியாதே அங்கே நடந்தே போனான்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை அவ முந்தியே கூப்பிட்டா. ஏன்?"

வைமோனா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாதா அண்ணே? அக்டோபர் வந்தா அங்க எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சுடுவாங்க. கோடைக்காலத்துக்காக. முத நாள் ராத்திரி தூங்கி எந்திரிச்சா மணி மாறியிருக்கும். நாங்களும் மறந்துட்டோம். எப்பவும் போல கோவில் விட்டதும் கூப்பிட்டா. இங்க அப்ப ரெண்டு மணிதான்."

"எடுக்கலன்னு வருத்தப்பட்டாளா?"

"இல்லண்ணே. சிரிச்சா. மணி மாறினது அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. 'ஐயோ, எல்லாம் தின்னுட்டுக் குறட்டை விட்டுட்டிருக்கும்டி. என் மக கடிகாரத்துக்கு முன்னாடி காவல் உக்காந்திருப்பா. பாவம், அவகிட்ட அடுத்த வாரம் சொல்லணும்'னா. அப்புறம் பாட்டுப் பழகக் கூப்பிட்டாங்க. போன ரூம்லயே வச்சுட்டுப் போயிட்டோம். நீங்க கூப்பிட்டது ராத்திரி வந்துதான் பாத்தா. பிள்ளைங்க தூங்கியிருக்கும்னு விட்டுட்டா."

லிசியாதே எழுந்து வெளியே வந்தான். பாதி வழியில் ஒரு ஈரப்பலா மர நிழலில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத இடத்தில் அழுது தீர்த்தான். தான் கேட்ட கேள்விக்காகவும் அழுதான், அவள் சிரித்ததற்காகவும் அழுதான்.

மறுநாள் இன்னொரு தகர மூடியில் இன்னொரு கடிகாரம் செய்தான். இரண்டையும் பாயில் அடுத்தடுத்து வைத்துப் பிள்ளைகளை அழைத்தான். ஃபீபே வந்தாள். ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இது நம்ம வீடு. இது அம்மா இருந்த ஊரு. நமக்கு மூணு மணின்னா அவங்களுக்கு உச்சிவேளை. அப்படித்தான் இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அந்த ஊர்க்காரங்க அவங்க அத்தைய ஒரு வீடு முன்னால தூக்கி வச்சுட்டாங்க." ஈர்க்கை நகர்த்திக் காட்டினான். "நமக்குச் சொல்லல. அதான் நமக்கு ரெண்டு மணி ஆகும்போதே அம்மா கூப்பிட்டுட்டாங்க. அப்பாவுக்கே தெரியாது. நீ பாத்தது சரி. நூத்துக்கு நூறு சரி. தப்பாக் கேட்டது அப்பாதான்."

அவன் வைமோனா சொன்னதைச் சொன்னான். அம்மா சிரித்ததையும், கடிகாரத்துக்குக் காவல் உட்கார்ந்திருப்பாள் என்றதையும் ஒரு சொல் விடாமல் சொன்னான்.

"அம்மா கோவப்படலயா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"படலம்மா."

"அந்த ஒரு மணி நேரத்த யாரு எடுத்தா?"

"அந்த ஊரு அரசாங்கம். ஏப்ரல் மாசம் திருப்பிக் குடுத்துடுவாங்களாம்."

அதுவரை வெறுமனே ஈர்க்கைச் சுற்றிக்கொண்டிருந்த தொமாசி நிமிர்ந்தான். "அப்ப ஏப்ரல்ல அம்மா பேசுமா?"

ஃபீபேதான் திரும்பி, தம்பியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இல்லடா. மணிய மட்டுந்தான் குடுப்பாங்க" என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அம்மா போன பிறகு அவள் அழுத முதல் அழுகை அது. அத்தை அடுக்களை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. லிசியாதேவும் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டான்.

அத்தைக்குப் பிள்ளைகள் இருவரையும் தன்னோடு பெரிய தீவுக்குக் கூட்டிப்போக மனம். அவள் கேட்டால் மறுக்க அங்கே யாருக்கும் வாய் கிடையாது. கப்பலுக்கு முந்தின நாள் லிசியாதே தலை குனிந்து, "நீங்க சொன்னா அனுப்பத்தான் வேணும். ஆனா நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஒரு சத்தம் வேணும்க்கா" என்றான். அத்தை வெகுநேரம் விசிறிக்கொண்டிருந்தாள். பிறகு, "கிறிஸ்துமசுக்குக் கூட்டிட்டு வா. உன் சமையல்ல ரெண்டும் எலும்பாயிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே கப்பலேறினாள்.

ஃபீபே மறுபடி கடிகாரம் பார்க்கத் தொடங்கியது ஏப்ரலுக்குப் பிறகுதான். அதுவும் யாராவது கேட்டால் மட்டும். ஞாயிறு மதியங்களில் பார்க்கவே மாட்டாள்.

அடுத்த அக்டோபரில், முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, லிசியாதே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தான். ஃபீபே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். கடற்கரைக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்தான். பொழுது சாயும்போது ஃபெலேதி வந்தான். அவன் மூத்த மகனும் அந்த வருஷம் பழம் பறிக்கப் போயிருந்தான். ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டிலிருந்து யாராவது போயிருந்தார்கள்.

"உன் மக வீட்டு வாசல்ல வந்து நின்னாடா," என்றான் ஃபெலேதி. "உள்ள வாம்மான்னேன், வரல. 'நாளைக்கு ஒரு மணி நேரம் முந்தியே அண்ணன் கூப்பிடுவாங்க. சாப்பிட்டுத் தூங்கிடாதீங்க'ன்னா. சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டா. ஆள் வெளியூர் போன ஒரு வீடு பாக்கி இல்லடா. எல்லார் வீட்டுக்கும் போயிருக்கா."

ஃபெலேதி லிசியாதேவின் பக்கத்தில் உட்கார்ந்து வலையின் மறுமுனையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். இருட்டும்வரை இருவரும் கண்ணிகளைச் சேர்த்துக் கட்டினார்கள்.

மறுநாள் மதியம் மேட்டில் ஊர் கூடியிருந்தது. போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதும், "கேக்குதா? கேக்குதா?" என்ற கூச்சலும், சிரிப்பும் காற்றில் வீடு வரை வந்தன. பிள்ளைகள் இருவரும் சாப்பிட்ட களைப்பில் பாயில் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்கினார்கள். லிசியாதே அவர்கள் பக்கத்தில் கண்ணைத் திறந்தபடி படுத்து, மேட்டில் பேச்சு அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.